மிஷன் பங்களாவின் எழுதப்படாத வரவு செலவு

மதுரையின் தென்புறத்தில் உள்ள அவனியாபுரத்தைப் பொங்கல் நாள் ஜல்லிக்கட்டால் நாடு அறியும். இங்கே குடியிருக்கும் எங்களுக்கு வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. ஊரைக் கடந்து தெற்கே சென்றால் விமான நிலையம். மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பசுமலை. முன்னதன் வாசலில், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மகனையோ மருமகனையோ வழியனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி திரும்பும் முதியவர்களை நாள்தோறும் காணலாம். பின்னதிலோ, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னர் எதிர்த்திசையில் கடல் கடந்து வந்து குடியேறிய அமெரிக்கக் குடும்பங்கள் விட்டுச்சென்ற கல்விக்கூடங்கள் நிற்கின்றன.

கிறித்தவ மிஷனரிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள்தாம் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, எல்லாவற்றையும் துறந்து வந்த தியாகியின் கதை. மற்றொன்று, மதம் மாற்றுவதற்காகவே பள்ளியையும் மருந்தையும் தூண்டிலாக்கிய சூழ்ச்சிக்காரரின் கதை. வகுப்பறையில் காலனியக் காலப் பொருளாதாரத்தை நடத்தும்போது மாணவர்கள் இவ்விரண்டில் ஒன்றைக் கையில் ஏந்தியே என்னிடம் வாதிட்டார்கள். இரண்டு கதைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: இரண்டிலும் நாயகர் தனிமனிதர், அதிலும் ஆண். ஆனால், மதுரைச் சீமையில் இயங்கிய அமெரிக்க மிஷனின் அடிப்படை அலகு தனிமனிதரல்லர், குடும்பம். ஒரு பண்ணையையோ நெசவுக்கூடத்தையோ ஆராய்வதுபோல, அந்தக் குடும்பத்துக்கு யார் முதலிட்டார், யார் உழைத்தார், யார் இழந்தார் என்று கேட்டால், தியாகம், சூழ்ச்சி என்ற இரு சொற்களும் போதாமற் போகின்றன.

1810-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதித் திருச்சபையினர் அயல்நாட்டு ஊழியத்துக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அதனை ‘அமெரிக்கன் போர்டு’ என்று சுருக்கமாக அழைப்பது வழக்கம். 1816-இல் அதன் ஊழியர்கள் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் பெண்கள் பள்ளி ஆகியவை அதன் விளைவுகள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் அவர்கள் பாக் நீரிணையைக் கடந்து மதுரைக்கு வந்தனர். லீவை ஸ்பால்டிங் வழிகாட்ட, ஹென்றி ஹாய்சிங்டனும் வில்லியம் டாடும் இங்கே மிஷனைத் தொடங்கினர். அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பணம். பாஸ்டனிலிருந்து மிஷனரிக்கு வந்தது, நாம் அறிந்த பொருளில் சம்பளம் அன்று. செய்த வேலைக்கோ பெற்ற பட்டத்துக்கோ ஏற்ற ஊதியமாக அது கணக்கிடப்படவில்லை. ஒரு குடும்பம் உயிர்வாழத் தேவையான பிழைப்பூதியமாகக் கணக்கிடப்பட்டது. மணமாகாதவருக்கு ஓர் அளவு, மணமானவருக்கு ஓர் அளவு, குழந்தைகளுக்குத் தனிப்படி. நியூ இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களில் உழவர்களும் கைவினைஞர்களும் விதவைகளும் இட்ட காணிக்கையே அதன் ஊற்றுக்கண். அமெரிக்க அரசின் கருவூலத்துக்கு அதில் பங்கில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பங்கில்லை. தொடக்கத்தில் அமெரிக்க மிஷனரிகளைக் கம்பெனி ஐயத்தோடுதான் பார்த்தது.

காணிக்கைப் பணத்துக்கு ஓர் இயல்பு உண்டு. கொடுப்பவரின் ஊரில் மழை பொய்த்தால் பெறுபவரின் ஊரில் பள்ளி மூடப்படும். 1837-இல் அமெரிக்காவில் வங்கிகள் நிலைகுலைந்தன. அந்த ஆண்டே போர்டு தன் செலவைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஓலைக்கூரைப் பள்ளிகள் பெருமளவில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க் வங்கியின் பெயரையே கேள்விப்பட்டிராத குழந்தை அதன் முறிவால் எழுத்தறிவை இழந்தது. உலகமயமாதல் 1991-இல் தொடங்கியது என்று எழுதும் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொன்ன எடுத்துக்காட்டு இது.

புரவலரின் கை நீண்டதற்கு இன்னொரு சான்று பெயர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவரின் உணவுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் ஒருவர் பணம் தந்தால், அவர் விரும்பிய பெயர் அம்மாணவருக்குச் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று தமிழிலக்கிய வரலாற்றில் நாம் காணும் விந்தையான முன்னொட்டுகள் இவ்வழக்கத்தின் தடயங்கள். இன்று கல்லூரி அரங்குகளுக்கு நன்கொடையாளர் பெயரை வைக்கிறோம். அன்று பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

இனி, உழைப்பு. மிஷனரியின் மனைவி போர்டின் ஏடுகளில் ‘உதவி மிஷனரி’ என்றே குறிக்கப்பட்டார். அவருக்கென்று ஊதியம் இல்லை. மிஷன் கூட்டத்தில் வாக்கு இல்லை. ஆனால், பெண்கள் விடுதியை நடத்தியவர் அவர். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளின் உட்கட்டு வரை சென்று பெண்களோடு பேசியவர் அவர். தையலும் எழுத்தும் கற்பித்தவர், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர், வழிப்போக்கராக வந்த மிஷனரிகள் அனைவருக்கும் சமைக்கச் செய்து போட்டவர், அவற்றுக்கிடையே ஆண்டு தவறாமல் பிள்ளை பெற்றவரும் அவரே. ஒரு மிஷனரிக்குக் கொடுத்த படியில் போர்டுக்கு இரண்டு ஊழியர் கிடைத்தனர். அந்த இரண்டாவது ஊழியரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வீட்டுப் பெண்ணின் உழைப்பை நாட்டு வருமானத்தில் சேர்க்காதது ஏன் என்று இன்றைய பொருளியல் கேட்கும் கேள்வியை, அன்றைய மிஷன் பங்களாவை நோக்கியும் கேட்க வேண்டும்.

பங்களா என்ற சொல்லையும் மறைக்க வேண்டியதில்லை. சமையற்காரர், ஆயா, தண்ணீர் சுமப்பவர், வண்டிக்காரர் என்று ஒரு பணியாளர் கூட்டம் அதைத் தாங்கியது. அமெரிக்காவில் எளிய நடுத்தரக் குடும்பமாக இருந்தவர்கள் மதுரையில் துரை, துரைசானி ஆனார்கள். துறவு என்று அவர்கள் கருதிய வாழ்க்கை, வாசலில் நின்று பார்த்த உழவருக்குச் செல்வமாகவே தெரிந்திருக்கும்.

ஆயினும், அந்தச் சுவர்களுக்குள் நிகழ்ந்த இழப்பு கற்பனையன்று. மதுரைக்கு வந்த முதல் மிஷனரி மனைவியருள் ஒருவரான லூசி டாட், வந்த மறு ஆண்டே, 1835-இல் மரித்தார். வாந்திபேதியும் காய்ச்சலும் முதல் பத்தாண்டுகளில் பல உயிர்களைக் கொண்டுபோயின. அவற்றுள் குழந்தைகளின் உயிர்கள் மிகுதி. உயரமான, குளிர்ந்த இடத்தைத் தேடி அவர்கள் முதலில் சிறுமலைக்கும் பின்னர் பழனி மலைக்கும் ஏறியது இதனால்தான். 1845-இல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு வீடுகளை மதுரை மிஷனரிகள் கட்டினார்கள். இன்று கோடை விடுமுறையில் நாம் முண்டியடித்துச் செல்லும் அந்நகரின் தொடக்கம், இறந்துபோன குழந்தைகளின் பெற்றோர் எடுத்த முடிவு.

இறக்காத குழந்தைகளை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். அமெரிக்கப் படிப்பும் அமெரிக்கப் பண்பும் வேண்டுமாயின் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869-க்கு முன்னர், பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போய்ச்சேர நான்கைந்து மாதங்கள் ஆயின. கடிதம் போய் மறுமொழி வர ஓராண்டு கழியும். ஆறு வயதிலோ பத்து வயதிலோ கப்பலேற்றிவிட்ட பிள்ளையை மறுபடி பார்க்கும்போது அது வளர்ந்த ஆளாக நிற்கும். சிலர் பார்க்காமலே மறைந்தனர்.

இந்த அமைப்பின் கொடுமையையும் விளைவையும் ஒருசேரக் காட்டுவது ஸ்கடர் குடும்பம். நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர், மனைவி ஹாரியட்டோடும் கைக்குழந்தையோடும் 1819-இல் கப்பலேறினார். வழியில் கல்கத்தாவிலேயே அக்குழந்தை இறந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிப் பிறகு 1836-இல் சென்னைக்குப் பெயர்ந்த அவருடைய பிள்ளைகளுள் ஏழு ஆண்மக்களும் மிஷனரிகள் ஆனார்கள். பெற்றோரைப் பிரிந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் பெற்றோரின் தொழிலுக்கே திரும்பியது, பக்தியால் மட்டும் விளக்கக்கூடியதா? பிரிந்த வீட்டைத் தேடும் ஏக்கமும் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த பேத்தி ஐடாவின் வாழ்க்கை இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்ப, சிறுமி ஐடா அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். மிஷனரி வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்பது அவர் அதிலிருந்து பெற்ற பாடம். தாயின் உடல்நலம் குன்றியதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தபோதுகூட, விரைவில் திரும்பிவிடுவதே அவர் திட்டம். அங்கே ஒரே இரவில், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் மகப்பேற்றின்போது மூன்று பெண்கள் இறந்த நிகழ்ச்சி அவரை மாற்றியது என்பது பலரும் அறிந்த செய்தி. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வேர் அது. அந்த மூன்று பெண்களைப் பேசும் நூல்கள், அமெரிக்காவில் விடப்பட்ட சிறுமியைக் குறைவாகவே பேசுகின்றன.

மிஷன் குடும்பங்கள் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் உழைத்து, 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862-இல் வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மகள், சென்னை மிஷனில் இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். அவர்களுடைய பேரன்தான் 1950-களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்கும் நம் மென்பொருள் பொறியாளர்கள், ஒரு தமிழ் அகராதிக்காரரின் கொள்ளுப்பேரன் பெயரைத் தாங்கிய இடத்தில்தான் கடவுச்சீட்டை நீட்டுகிறார்கள்.

மதுரையின் சொந்த எடுத்துக்காட்டு சேண்ட்லர் குடும்பம். ஜான் எடி சேண்ட்லர் 1847-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். 1849-இல் பிறந்த மகனுக்கு ஜான் ஸ்கடர் சேண்ட்லர் என்று பெயரிட்டார். மகன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1870-களில் மிஷனரியாக மதுரைக்கே திரும்பினார். பங்களாப் பிள்ளைகளுக்கு ஆயாவிடமும் வண்டிக்காரரிடமும் கேட்ட தமிழே முதல் தமிழ். இலக்கணப் புத்தகம் பிறகு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதிப் பணியை 1913-இல் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பு இந்த இரண்டாம் தலைமுறைச் சேண்ட்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். 1922 வரை சேண்ட்லர் அப்பணியில் இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு 1936-இல் ஆறு தொகுதிகளை நிறைவு செய்த பெருமை எஸ். வையாபுரிப்பிள்ளையைச் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், பாஸ்டனில் காணிக்கை போட்ட மூதாட்டி தன் காசு ஒரு நாள் சங்கச் சொற்களுக்குப் பொருள் காண உதவும் என்று எண்ணியிருக்கமாட்டார். மிஷன் செலவின் பயன், செலவிட்டவர் எண்ணிய இடத்தில் மட்டும் விளையவில்லை.

தலைமையகத்துக்கே இது உவப்பாக இல்லை. 1854–55-இல் போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர் குறை. 1855-இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. பணம் தருபவர் ஓரிடத்திலும் பணி செய்பவர் வேறிடத்திலும் இருந்தால், இருவர் நோக்கமும் விலகுவது பொருளியலில் பழைய சிக்கல். பெற்றோர் கேட்டது ஆங்கிலம்; பாஸ்டன் விரும்பியது ஆன்மா. இறுதியில் வென்றவர்கள் பெற்றோர். திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிப் பசுமலைக்குப் பெயர்ந்த செமினரியின் வளாகத்திலேயே 1881-இல் கல்லூரி உருவாயிற்று. 1904-இல் மதுரை நகருக்கு வந்தது. அதுவே அமெரிக்கன் கல்லூரி.

மாற்றத்தின் மற்றொரு வாசல் மணமாகாத பெண்கள். 1868-இல் பாஸ்டனில் பெண்கள் தமக்கெனத் தனி மிஷன் சங்கத்தைத் தொடங்கித் தாமே நிதி திரட்டினார்கள். கணவரின் பெயருக்குக் கீழே அல்லாமல், தம் பெயரிலேயே படி பெற்ற பெண்கள் மதுரைக்கு வரத் தொடங்கினார்கள். கணவரை இழந்த பிறகும் இங்கேயே தங்கிப் பணியாற்றிய சாரா கேப்ரனின் பெயரைத் தாங்கிய கேப்ரன் ஹால் பள்ளியை மதுரையின் மூத்த தலைமுறை அறியும். இவா ஸ்விஃப்ட் 1892-இல் வேதாகமப் பெண்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கேட்டி வில்காக்ஸ் 1948-இல் லேடி டோக் கல்லூரியை நிறுவினார். மனைவியர் நூறாண்டு ஊதியமின்றிச் செய்த வேலைக்கு, மணமாகாதவர்கள் வந்த பிறகே பதவிப் பெயரும் கட்டடமும் கிடைத்தன.

பிள்ளைகளின் பிரிவுக்கும் 1901-இல் ஒரு விடை கிடைத்தது. கொடைக்கானலில் மிஷனரி பிள்ளைகளுக்கெனப் பள்ளி திறக்கப்பட்டது. மார்கரெட் எடி அதன் முதல் தலைமையாசிரியர். இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதுவே.

சிக்கலான இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. 1876–78 பஞ்சத்தில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின. அநாதைப் பிள்ளைகளை ஏற்றன. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சபைகளில் சேர்ந்தோர் தொகையும் பெருகிற்று. பசியில் எடுத்த முடிவு விருப்பத்தால் எடுத்ததா என்ற வினா நியாயமானது. ஆனால், அரிசிக்காக மட்டும் வந்தவர்கள் மழை பெய்ததும் எல்லாரும் திரும்பிப் போயிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. கோயில் வாசலும் பள்ளி வாசலும் மூடப்பட்டிருந்தோருக்கு அரிசியைக் காட்டிலும் பெரிய காரணங்கள் இருந்தன. மற்றொன்று சாதி. 1847-இல் மதுரை மிஷன், தன் உபதேசியார்கள் சாதி வேறுபாடின்றி உடனுண்ண வேண்டும் என்று வற்புறுத்தியது. மறுத்த பலர் வேலையிழந்தனர். கொள்கையளவில் மிஷன் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஆயினும், ஒருவேளை உணவால் அழியும் நோயன்று அது என்பதைத் திருச்சபைகளின் பிற்கால வரலாறு காட்டிற்று.

குடும்பம் கொடுத்த விலையின் வேறொரு வடிவம் 1930-இல் பசுமலையில் தெரிந்தது. ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான் 1925-இல் வந்த இளம் மிஷனரி. மனைவி மில்ட்ரெட் மருத்துவர். அயல்நாட்டு மிஷனரிகள் அரசுக்கு எதிராக எதிலும் ஈடுபடக்கூடாது என்பது அன்றைய நிபந்தனை. உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னர் வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைக் கொண்டு சென்ற ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞருக்குக் கைத்தான் தம் வீட்டில் இடம் கொடுத்தார். கதர் அணிந்த அமெரிக்கரை அரசு விரும்பவில்லை. அந்த ஆண்டே அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-இல் மறுபடி வெளியேற்றப்பட்டார். 1947-க்குப் பிறகு மீண்டும் வந்து திண்டுக்கல் வட்டாரத்தில் கிராமப் பணியிலும் காந்திகிராமத்திலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்து பின்னர் பூதான இயக்கத்தில் இறங்கிய ஜெகந்நாதனுக்கு அவர் தோழர். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காப்பாற்ற வேண்டிய மிஷன் அரசோடு ஒத்துப்போயிற்று. மனச்சாட்சியைக் காப்பாற்றியவர் குடும்பத்தோடு பெட்டி கட்டினார். கொள்கைக்காக இருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட அந்த வீட்டில் மில்ட்ரெட்டின் மருத்துவத் தொழில் என்ன ஆயிற்று என்பது, கைத்தானைப் போற்றுவோர் அரிதாகவே எழுப்பும் கேள்வி.

இப்போது, முன்னர் கடந்து வந்த அந்த ஒற்றை வரிக்குத் திரும்பலாம். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்களுக்கும் மதுரை அயலூர்தான். அவர்களும் உறவைப் பிரிந்தார்கள். அவர்களையும் வாந்திபேதி விட்டுவைத்திருக்காது. அமெரிக்கருக்கு மொழி பழக்கியவர்களும், ஊர் ஊராக நடந்து பள்ளி வைத்தவர்களும், மிஷனரி விடுப்பில் போனபோது சபையைத் தாங்கியவர்களும் அவர்களும், அவர்களுக்குப் பின் வந்த உள்ளூர் உபதேசியார்களும், அவர்களுடைய மனைவியருமே. ஊதியம் அமெரிக்கருடையதில் ஒரு சிறு பங்கு. கொடைக்கானலில் அவர்களுக்குக் கோடைவீடு இல்லை.

அமெரிக்கக் குடும்பங்களின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எஞ்சியிருப்பவை, நம் கிராமத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் கல்லறைப் பதிவேடுகளும், பழைய பள்ளிகளின் சம்பளப் பட்டியல்களுமே. அவற்றின் பகைவர்கள் கறையானும் மழைக்கசிவும். 1836 முதல் 1841 வரை மதுரையில் பள்ளிகளைப் பரப்பிய டேனியல் பூரின் பெயரில் அமெரிக்கன் கல்லூரியில் நல்ல நூலகம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை இருக்கிறது. இவையும் திருமண்டலமும் கைகோத்து, தெற்கே இராமநாதபுரம் தொடங்கி வடக்கே வத்தலகுண்டு வரை உள்ள சபைகளின் பதிவேடுகளை ஒளிப்படமாக்கி அட்டவணைப்படுத்துவது, முதுகலை மாணவர் சிலர் ஓரிரு கோடை விடுமுறைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆகும் செலவு, ஒரு கல்லூரி ஆண்டுவிழாப் பந்தலுக்குச் செலவிடுவதைவிடக் கூடுதலாக இருக்காது.